செல்லாக்காசு

பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி வைப்பேன்.
காப்பி பொங்கி, வழிந்து,
அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தாலும்
நீலத் திரையில் அந்தப் புள்ளிகள்
சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.
செக்குமாடு தேவலை, எண்ணெயாவது மிஞ்சும்.

திபிலிசியில், க்ல்தானிப் பக்கம், ஒன்பதாவது மாடி.
பிப்ரவரி ஞாயிறு.
மால்ஹாஸ் டாக்ஸியோடு விமான நிலையம் போயிருந்தான்.
இன்றைக்கு முடித்துவிடுவது என்று
திருப்புளியை எடுத்தேன்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால்
விசிறிக்குள் ஒரு பூனை.
பூனை இல்லை, பூனையின் மயிர்.
மூன்று வருடத்துக்கு முன் செத்த ஃபிசோ
சாம்பல் நிறத்தில் சுருண்டு
வெதுவெதுப்பாய்த் தூங்கிக்கொண்டிருந்தது.
வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்தேன்.
கொஞ்ச நேரம் போடாமலே பிடித்திருந்தேன்.

தாய்ப்பலகையில் வட்டமாய் ஒரு செல், செத்தது.
அது செத்ததிலிருந்து
எப்போது எழுப்பினாலும் எங்கள் கம்ப்யூட்டருக்கு
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
தோண்டியெடுத்துக் கோட்டுப் பையில் போட்டேன்.

உள்ளே இன்னும் மோசம்.
மூன்று வைரஸ் தடுப்பான்கள்.
ஒன்றையொன்று திருடனென்று சந்தேகித்து
இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளிகள்.
புதிய கோப்புறை, புதிய கோப்புறை இரண்டு,
ஒன்பது வரை. ஒன்பதாவதற்குள் முதலாவதின் நகல்.
தேக்லே வார்சாவுக்குப் போகுமுன் எழுதிய விண்ணப்பம்:
'கடைசி', 'உண்மையாகவே கடைசி', 'இதுதான் அனுப்பியது'.
எதை அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியாது.
வேலை கிடைத்துவிட்டது.

பிறகு நார்தி.
மால்ஹாஸ் ராத்திரிச் சவாரி முடித்து வந்து
விளக்குப் போடாமல் ஆடும் பகடை.
திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.
ஆடியது நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
வென்றது அறுநூற்று மூன்று.
கீழே முற்றத்து மேசையில்
தன்னோடு ஆட ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லையென்று
சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
பேக்கரிக்கும் பல் டாக்டருக்கும்
இரண்டு பக்கமும் சரிக்கட்டித் தருகிறவள்.
ஒரே பக்கம் இவ்வளவு சாய்ந்த பேரேட்டைப் பார்த்ததில்லை.

பென்டிரைவில் படங்கள் ஏறின.
விண்ணப்பங்கள் மூன்றும் ஏறின.
ஃபிசோ குளியல் தொட்டியில் தூங்குகிற வீடியோ,
நான்கு நிமிடம், ஒன்றுமே நடக்காது, அதுவும்.
ஆட்டக் கணக்குக்கு நாற்பது கேபி போதும்.
இடம் இருந்தது.
இருந்தும் விட்டுவிட்டேன்.

இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். நிச்சயமா?
கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில்
இவ்வளவு பணிவாய் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.
ஆம்.

ஏழு நிமிடங்கள் மீதமுள்ளன.
கால் மணி நேரம் கழித்து, பத்தொன்பது.
பிறகு நான்கு. பிறகு ஒரு மணி.
'பாலத்தைத் தாண்டிவிட்டேன், இதோ வந்துவிட்டேன்'
என்று மால்ஹாஸ் போனில் சொல்வானே, அந்தக் கணக்கு.

செல் வாங்கக் கீழே போனேன்.
திரும்பும்போது, கை நிறையப் பை.
எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
பைக்குள் துழாவிப் போட்டேன்.
கொஞ்சம் யோசித்தது. துப்பிவிட்டது.
குனிந்து எடுத்தால், பழைய செல்.
காலம் தெரியாத காசு, லிஃப்டுக்குக்கூடச் செல்லவில்லை.
தனியாக நின்று சிரித்தேன்.
நாலாவது மாடிக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

அவன் வந்தபோது பனியும் பெட்ரோலும் மணத்தது.
இருபது வினாடியில் திரை விழித்தது.
தேதி சரி. ஆண்டு சரி. காப்பி இன்னும் கொதிக்கவில்லை.
ஆட்டத்தைத் திறந்தான்.
புதிய ஆட்டக்காரரே, வருக. உங்கள் பெயர்?

'என் கணக்கு?'
'எந்தக் கணக்கு?'

என்னைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான்.
அந்தப் புள்ளிகள் சுற்றுவது தெரிந்தது.
பிறகு ஒரு விரலால்
ஒவ்வோர் எழுத்தாய்த் தேடித் தட்டினான்:
லாமாரா.

காப்பி பொங்குவதற்குள் முடிந்துவிட்டது.
ஆடியது ஒன்று. வென்றது பூஜ்யம்.
என் பெயரில்.